கடைமடை மாணவன்

நன்னூற் பாயிரத்தைத் தொடாத ஆசிரியர் தினப் பேச்சு நம் நாட்டில் அரிது. மாணவன் ஆசிரியனை எவ்வாறு அணுகவேண்டும், எவ்வளவு அடக்கத்துடன் இருக்கவேண்டும் என்பதையெல்லாம் மேடையேறியவர் நீட்டி முழக்குவார். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் அந்நூலைச் செய்த பவணந்தியார், பாடங் கேட்டலின் வரலாற்றைச் சொல்வதற்கு முன்பாகவே பாடஞ் சொல்லலின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறார். காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்து, கேட்பவன் எம்முறையில் ஏற்றுக்கொள்வான் என்பதையும் அறிந்தே ஆசிரியன் சொல்லவேண்டுமென்பது அவர் வகுத்த விதி. மாணவனுக்கு விதித்த கடமைகளை நம் மேடைகள் மறப்பதில்லை. ஆசிரியனுக்கு விதித்ததை மட்டும் ஏனோ மறந்துவிடுகின்றன.

பவணந்தியாரின் விதியை இன்றைய பல்கலைக்கழகத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பாடநெறி ஏறக்குறைய 15 வாரங்கள் நடைபெறுகிறது. அவ்வாரங்களில் விரிவுரையாளர் எப்போது, எதைப் பற்றி, எவ்வழியாக மாணவருடன் பேசுவார்? மாணவன் கேட்ட கேள்விக்கு எத்தனை நாளில் விடை கிடைக்கும்? எழுதிக் கொடுத்த ஒப்படை எப்போது, என்ன குறிப்புடன் திரும்பி வரும்? இவற்றை முதல் வாரத்திலேயே தீர்மானித்து அறிவிப்பது வெறும் அலுவலகக் காரியமா, அறத்தின்பாற்பட்ட கடமையா? அலுவலகக் காரியமென்றே பலரும் எண்ணுகின்றனர். எனக்கோ இது, ஆசிரியரின் சொல் மாணவனுக்கு உரிமையா, சலுகையா என்ற கேள்வியாகவே தோன்றுகிறது.

நம் கண்முன் இருக்கும் வந்தாறுமூலையையே எடுத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அந்நிறுவனம். 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வி, உழைப்பாளி வீட்டுப் பிள்ளையையும் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டுவந்துவிட்டது. ஆகவே அங்குள்ள விரிவுரை மண்டபத்தில், நகரத்துக் கல்லூரியில் ஆங்கிலப் பழக்கத்துடன் வளர்ந்த பிள்ளையும், வாவிக்கு அப்பால் வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ பட்டிப்பளையிலோ பிறந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் கண்ட பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை ஓடத்தை நம்பியிருந்த மக்களின் பிள்ளைகள் அவர்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இவ்வேற்றுமை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆசிரியரை மாணவன் காலையில் வகுப்பிற் காண்கிறான். மாலையிற் சந்தையிற் காண்கிறான். கோயில் திருவிழாவிலும் காண்கிறான். வகுப்பிற் சொல்லத் தவறியதை வழியில் நிறுத்திச் சொல்லிவிடலாம். இரண்டு நாள் வராவிட்டால் தாயிடம் விசாரிக்கலாம். பல்கலைக்கழகத்தில் இத்தொடர்புகள் யாவும் ஒரேயடியாக அறுந்துபோகின்றன. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ மணித்தியாலம் மேடையில் தோன்றும் ஒருவரே அவனுக்கு ஆசிரியர். அவர் எங்கே இருப்பார், எப்போது அணுகலாம், எதைக் கேட்டால் மகிழ்வார், எதைக் கேட்டால் கோபிப்பார் என்பனவெல்லாம் எழுதப்படாத சட்டங்கள். படித்த தமையனிடமிருந்தோ, பெற்றோரின் நண்பரான வேறொரு விரிவுரையாளரிடமிருந்தோ அச்சட்டங்களை அறிய வழியுள்ளவன் அறிந்துகொள்கிறான். வழியற்றவன், ‘எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் மூளை இல்லை’ என்று முடிவுகட்டிக்கொள்கிறான். சமுதாயத்தின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொள்ளும் இப்பாடமே பல்கலைக்கழகத்தில் அவன் கற்கும் முதற்பாடமாக அமைந்துவிடுகிறது.

கேளாமை இப்பிரதேசத்தில் ஒரு நாளில் விளைந்ததன்று. போடியாரின் முன்றிலில் அவர் வெளியே வரும்வரை காத்துநின்று, வந்தபின்னும் அவர் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிப் பழகிய தலைமுறைகள் இங்கே உண்டு. அதன்மேல் யுத்தம் வந்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அதிகாரத்தில் உள்ளவரிடம் கேள்வி கேளாதிருப்பதே உயிரைக் காக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மாரைக் குறைகூற எவருக்கு வாய் வரும்? அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வளாகத்தில் விரிவுரை கேட்கின்றனர். ‘ஏன் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை?’ என்று சலித்துக்கொள்ளும் விரிவுரையாளர் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

‘என் அறைக் கதவு எப்போதும் திறந்தேயிருக்கிறது, யாரும் வந்து கேட்கலாம்’ என்று சொல்லும் நல்லவர்கள் பலர் உளர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் திறந்த கதவினுள் நுழைகிறவர் யார்? ஏற்கெனவே துணிவுள்ளவர், ஏற்கெனவே பேசத் தெரிந்தவர். மற்றவர்கள் நடைவழியில் இருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றனர். அவர்களுட் பெண்பிள்ளைகளே அதிகம். (கலைப்பீட வகுப்புகளிற் பெண்களே பெரும்பான்மையினர் என்பதால், இங்கே ‘அவன்’ என்று நான் எழுதுவதெல்லாம் அவளையும் சேர்த்தே.) ஆண் விரிவுரையாளரின் அறைக்குள் தனியே நுழைவதைப் பற்றி ஓர் இளம்பெண்ணுக்கு எத்தனை தயக்கங்கள் இருக்கக்கூடும் என்பதை விளக்கவேண்டியதில்லை. திறந்த கதவு வள்ளன்மை. வள்ளலின் வாசலிலும் காத்துநிற்பவன் காத்துநிற்பவன்தான். மாறாக, ‘செவ்வாய்க்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை விரிவுரை மண்டபத்திலேயே இருப்பேன், சென்ற வாரப் பாடத்தைப் பற்றி எவரும் கேட்கலாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. போகிற மாணவி எவரையும் தொந்தரவு செய்யப் போகவில்லை. தனக்குரிய நேரத்தைப் பெறப் போகிறாள்.

இவ்விடத்தில் நம் விவசாயிகளிடம் பல்கலைக்கழகம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களின் கீழ் வேளாண்மை செய்பவர்கள் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு ஆரம்பக் கூட்டம் கூடுகின்றனர். அதிகாரிகளும் வருகின்றனர், வயல் செய்பவர்களும் வருகின்றனர். முதல் நீரை எந்நாளில் திறப்பது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது, எத்தனை மாத நெல்லை விதைப்பது, மாடுகளை வயற்பரப்பிலிருந்து எந்நாளில் அகற்றுவது, கடைசி நீர் எப்போது என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. கூட்டத்தில் வாக்குவாதம் உண்டு. பெரிய மனிதரின் குரல் ஓங்குவதும் உண்டு. ஆயினும் தீர்மானம் எழுத்தில் வந்துவிட்டால், கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் அதைச் சுட்டிக்காட்டித் தன் நீரைக் கேட்கலாம். முறையில்லாத வாய்க்காலில் நீர் எவ்வாறு ஓடுமென்பது நமது கிராமத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். தலைமடை நிரம்பி வழியும். கடைமடை வெடித்துக் கிடக்கும்.

கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் நிகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. வாய்க்கால்கள் பழுதடைந்து, கடைமடைக்கு ஒழுங்காக நீர் செல்லாதிருந்த அத்திட்டத்தில், இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகச் சென்று விவசாயிகளை வாய்க்கால் வாரியாகச் சிறு குழுக்களாகக் கூட்டினர். விவசாயிகள் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கினர்; முறைவைத்து நீரைப் பகிர்ந்தனர். தலைமடையிற் பெரும்பாலும் சிங்களவர், கடைமடையில் தமிழர். தலைமடையில் மிச்சம் பிடித்த நீர் கடைமடையை எட்டியது. அதற்காகக் குளத்தில் ஒரு துளி நீரும் புதிதாகக் கூடவில்லை. கூடியது முறை ஒன்றே.

பாடநெறியின் முதல் வாரத்தை இத்தகைய ஆரம்பக் கூட்டமாக்கினால் என்ன? மூன்றாம் வாரத்தில் ஒரு பக்க அளவில் ஒரு சிறிய ஒப்படை. அது ஐந்தாம் வாரத்துக்குள் குறிப்புடன் திரும்பவேண்டும். புள்ளி மட்டும் இட்டுத் திருப்பினால் அது தீர்ப்பே தவிரப் பேச்சாகாது. அதனினும் தீங்கானது, பரீட்சை முடிந்த பின்னர் திரும்பி வரும் தாள். அறுவடைக்குப் பின் திறந்த நீர் அது. கேள்விக்கு மூன்று வேலைநாட்களுக்குள் விடை. ஒருவன் தனியே கேட்ட கேள்வியாயினும், கேட்டவன் பெயரைச் சொல்லாமல், விடை எல்லோருக்கும் செல்லவேண்டும். கேட்கத் துணியாதவனின் சந்தேகமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஏழாம் அல்லது எட்டாம் வாரத்தில் இரண்டாவது கூட்டம். விளங்காததைப் பெயரின்றி ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரச்சொன்னால், வாய் திறவாத வகுப்பு எவ்வளவு பேசுகிறது என்பது தெரியவரும். தொடர்ந்து இரண்டு வாரம் வராதவனுக்கு ஆசிரியர் தாமே செய்தி அனுப்பவேண்டும். இறுதியிற் சொன்ன இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. எல்லாவற்றிலும் அவசியமானதும் இதுவே. ஏனெனில் பாடநெறியைவிட்டு விலகுபவர்கள் சொல்லிவிட்டு விலகுவதில்லை.

பேச்சு மிகுந்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமென்று எண்ணலாகாது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட பின்னர், ஒவ்வொரு பாடத்துக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் முளைத்தன. காலையில் ஒரு செய்தி, மாலையில் அதற்குத் திருத்தம், நள்ளிரவில் திருத்தத்துக்குத் திருத்தம். இரவு பத்து மணிக்கு, ‘நாளை காலை எட்டு மணிக்கு விரிவுரை’ என்று விடுக்கும் செய்தி, கைத்தொலைபேசிக்கு அலை கிட்டாத படுவான்கரைக் குக்கிராமத்துக்கு விரிவுரை முடிந்த பிறகே சென்று சேரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மின்னேற்றிய கைத்தொலைபேசியே ஒரு சொத்தாயிற்று. சொற்கள் பெருகின, தலைமடையே நனைந்தது.

சுவாமி விபுலாநந்தர் துறவு பூணுமுன், மயில்வாகனனாராக இருந்த காலத்தில், 1920ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை இலங்கையில் இருந்துகொண்டே பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் போனவர் அவர். அந்த லண்டன் நிறுவனம் ஏகாதிபத்தியத்தின் நிறுவனம். அது புகட்டிய பாடங்களில் நம் மண்ணுக்கு இடமில்லை. இருந்தும் காரைதீவிற் பிறந்தவருக்கும் லண்டனிற் பிறந்தவருக்கும் ஒரே பாடத்திட்டத்தையும் ஒரே விதியையும் அச்சிட்டு அது முன்கூட்டியே வழங்கியது. முகம் காணாத அந்நியன் எழுத்திற் கொடுத்ததை, முகம் காணும் நம்மவர் வாய்மொழிக்கும் மனநிலைக்கும் விட்டுவிடுவது விந்தையே. ஆனால் அந்நிறுவனத்துக்கு வாய் இருந்தது, காது இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரேசில் நாட்டின் பாவுலோ பிரெய்ரே, வங்கியிற் பணம் இடுவதைப்போல மாணவனின் தலையில் அறிவை இட்டுச்செல்லும் கல்வி என்று கண்டித்தது இத்தகைய ஒருவழிப் பேச்சையே. ஆரம்பக் கூட்டத்தில் மாணவருக்கும் வாக்கு வேண்டுமென்று நான் வற்புறுத்துவது அதனால்தான். ஆசிரியர் தாமே எழுதித் தாமே ஒட்டும் அட்டவணை பாதி வேலையே.

பல்கலைக்கழக மாணவன் குழந்தையல்லன். அவனுக்கு ஊட்டிவிடலாகாது என்று சிலர் தடை எழுப்புவர். உன்னிச்சைக் கமக்காரனும் குழந்தையல்லன். நீர் திறக்கும் நாளை அவனுக்கு அறிவிப்பதை ஊட்டிவிடுதல் என்று எவரும் சொல்வதில்லை. வேறு சிலர், பாடநெறி விவரணம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதே என்பர். எழுதப்பட்டிருக்கிறது, கற்றற் பேறுகள் வரிசையாக இலக்கமிடப்பட்டு, தர மீளாய்வுக் குழு வரும் நாளுக்காகக் கோப்பில் உறங்குவதும் உண்டு. மாணவனுக்காக எழுதாத காகிதத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை.

மூன்றாவது தடை நியாயமானது. மணித்தியாலக் கணக்கில் ஊதியம் பெறும் வருகைதரு விரிவுரையாளர், 150 தாள்களுக்குக் குறிப்பெழுதும் இரவுகளுக்கு யார் ஊதியம் தருவார்? 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோரிக்கையின் பொருள் இவ்விடத்தில்தான் துலங்குகிறது. கட்டடத்துக்குக் கேட்கும் பணத்தோடு, மாணவனின் தாளை வாசிப்பதற்கான நேரத்தையும் ஊதியமுள்ள வேலையாகச் சங்கங்கள் கேட்கவேண்டும். அதுவரை முழுத் திட்டத்தையும் தனியொருவர் தோளில் ஏற்றுவது சுரண்டலாகவே முடியும். செவ்வாய்க்கிழமை இரண்டு மணித்தியாலமும் ஐந்தாம் வாரத்து ஒரு பக்கத் தாளும் மட்டும் எவருக்கும் இயலும்.

மற்றொன்றும் உண்டு. வந்தாறுமூலையிற் சிங்கள மாணவரும் படிக்கின்றனர். ஆங்கிலத்தில் விரிவுரை முடிந்தபின், ‘ஒப்படையைத் திங்கட்கிழமை கொண்டுவந்தாற் போதும்’ என்று தமிழிற் சொல்லிவிட்டுப் போவது நமக்கு இயல்பாகத் தோன்றலாம். பொலன்னறுவையிலிருந்து வந்து கடைசி வாங்கில் இருப்பவனுக்கு அச்சொல் போய்ச் சேர்வதில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின், விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையிலேந்திக் கந்தோர் வாசலில் நின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். நாள் குறித்த அறிவித்தல் எதுவாயினும் மூன்று மொழியிலும் பலகையில் ஏறவேண்டும். விரிவுரையாளருக்குச் சிங்களம் எழுத வராவிட்டால், இரு மொழியும் அறிந்த மாணவர் எவரேனும் வகுப்பில் இருப்பார். அவர் யாரென்பதையும் முதல் வாரத்துக் கூட்டத்திலேயே கேட்டுவிடலாம்.