பாட்டன் பசியும் பேரன் பெருமையும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்தோர் பலர் ஆண்டுதோறும் அயர்லாந்துக்குச் செல்கின்றனர். அந்நாட்டின் பழைய மொழியை அவர்களிற் பெரும்பாலோர் அறியார். அவர்களை எதிர்பார்த்திருக்கும் உறவினரும் பலருக்கு அங்கில்லை. எனினும் டப்ளின் நகரத்துச் சுவடிக்கூடத்திலோ, ஒரு கிராமத்துத் தேவாலயத்திலோ அமர்ந்து, கப்பலேறிய பாட்டனின் பாட்டனுடைய பெயரைத் தேடுகின்றனர். அயர்லாந்துத் தீவில் இன்று வாழ்வோர் ஏறத்தாழ 70 இலட்சம் மக்களே. அமெரிக்காவிலோ 3 கோடிக்கும் மேற்பட்டோர் தம்மை ஐரிஷ் வழிவந்தோர் என்று கூறிக்கொள்கின்றனர்.

இத்தேடலுக்கு அறவியல் அடிப்படையில் யாதேனும் மதிப்பு உண்டா என்பதே நம் கேள்வி. முற்போக்காளர் சிலர் இதனை ஒரே சொல்லிற் புறந்தள்ளிவிடுவர். குலப்பெருமை பேசுதல் நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு, ஆயின் முழுமையில்லை. பிரபு தன் வமிசாவளியைப் பேணியது தன் உடைமையைப் பேணுவதற்காக. பட்டினியால் நாட்டை விட்டோடியவனின் பேரனுக்குப் பேண வேண்டிய உடைமை எதுவுமில்லை. அழிக்கப்பட்ட ஒரு பெயரை மீட்டெடுக்கவே அவன் முயல்கிறான். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் நியாயமாகாது.

அவன் தேடும்போது எதனைக் காண்கிறான்? 1922 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது டப்ளினிலிருந்த பொதுச் சுவடிக்கூடம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிசன மதிப்பு ஏடுகளிற் பெரும்பகுதி அத்தீக்கு இரையாயிற்று. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளை அரசாங்கமே முன்னர் அழித்திருந்தது. 1881, 1891 ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதலாம் உலகப் போர்க் காலத்திற் காகிதக் கூழாயின. ஆதலால், தேடுவோர் பலர் இறுதியில் வந்தடைவது கிரிபித் மதிப்பீடு எனப்படும் தொகுதியை. 1847க்கும் 1864க்கும் இடையில் வெளிவந்த அத்தொகுதி, உள்ளூர் வரி விதிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. ஒரு நிரலில் நிலத்தில் இருந்தவனின் பெயர்; அடுத்த நிரலில் அதனை அவனுக்கு விட்டவனின் பெயர்; அதன்பின் பரப்பும் பெறுமதியும். அந்த ஏழை ஏட்டில் இடம்பெற்றது வரி விதிக்கத்தக்க ஒரு துண்டு நிலத்தில் இருந்தமையாலேயே. குலத்தைத் தேடி வந்த பேரன் முதலிற் காண்பது ஒரு வர்க்க உறவை.

மேலும் தேடினால், அவ்வுறவின் விளைவையும் அவன் காண்பான். 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. அந்நோய் ஐரோப்பாவின் பிற நாடுகளையும் தாக்கியதே. ஆயின் அயர்லாந்திலேயே ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு வெளியேறினர். 1841 இல் 80 இலட்சத்துக்கும் மேலிருந்த குடித்தொகை 1851 இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. 1847 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் ஒரு வாசகம், கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருந்தவன் அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெறலாகாது என்று விதித்தது. நிலத்தை விட்டாற் கஞ்சி, விடாவிடிற் சாவு. நிலத்தை விட்டவருட் பலர் கப்பலேறினர். கனடாவின் கியூபெக் நகருக்கருகே, தொற்றுத் தடுப்பு நிலையமாக இருந்த குரோஸ் ஈல் என்னும் சிறு தீவில், 1847 ஆம் ஆண்டில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர்.

இவற்றை அறிந்த பேரன் சினங்கொள்வது இயல்பு. அச்சினம் நியாயமானது. எனினும் இங்கேதான் ஆபத்தும் தோன்றுகிறது. துன்பத்தின் நினைவு மெல்ல மெல்லப் பெருமையின் அணிகலனாக மாறிவிடுகிறது. "எம் முன்னோர் துன்புற்றனர், ஆகவே நாம் நல்லோர்" என்னும் முடிவுக்கு மனம் எளிதில் வழுக்கி விழுகிறது. வரலாறு இம்முடிவை ஆதரிக்கவில்லை.

1863 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயோர்க் நகரில் கட்டாயப் படைச் சேர்ப்புக்கு எதிராகக் கலகம் மூண்டது. 300 டொலர் செலுத்தக்கூடிய செல்வன் விலக்குப் பெறலாம். கூலிக்காரன் போர்முனைக்குச் செல்ல வேண்டும். அநீதி வெளிப்படையானது. ஆயின் அந்தச் சினம் யார்மீது பாய்ந்தது? கறுப்பினத் தொழிலாளர் தெருக்களில் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டனர். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லம் கொளுத்தப்பட்டது. அக்கும்பலிற் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைகள். பட்டினியிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் அவர்களுட் பலர். கலகத்தை அடக்கிய பொலிசாரிடையேயும் ஐரிஷ்காரர் இருந்தனர் என்பதையும் கூறவேண்டும். குருதி ஒன்றாக இருந்தும் நின்ற பக்கம் வேறாயிற்று.

வழி காட்டுவார் இல்லாமையால் இது நிகழ்ந்தது என்று சொல்லவும் இயலாது. அடிமை முறைக்கு எதிராக நிற்குமாறு அமெரிக்க ஐரிஷ் மக்களை வேண்டி, ஏறத்தாழ 60,000 பேர் கையொப்பமிட்ட ஒரு விண்ணப்பம் அயர்லாந்திலிருந்து சென்று, 1842 இல் பொஸ்ரன் நகரில் வாசிக்கப்பட்டது. மக்கள் தலைவர் டானியல் ஓகொனலின் கையொப்பமும் அதில் இருந்தது. அமெரிக்காவிலிருந்தோரிற் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. ஒரே துறைமுக வேலைக்கு இரு ஏழை இனத்தாரும் போட்டியிடுமாறு வைக்கப்பட்டிருந்தமை அதற்கொரு காரணம். காரணத்தை அறிதல் அவசியம். ஆயின் காரணத்தை அறிந்தமையால் குற்றம் கழுவப்பட்டுவிடாது.

"பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் எவ்வாறு பொறுப்பாவான்?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. அவன் குற்றவாளியல்லன். ஆயின் அதே நியாயத்தின்படி, பாட்டன் பட்ட துன்பத்தாற் பேரன் தியாகியுமாகான். தான் செய்யாத செயலிலிருந்து புகழை மாத்திரம் எடுத்துக்கொண்டு பழியை விட்டுவிடுதல் நேர்மையாகாது. சொத்தை ஏற்பவன் கடனையும் ஏற்க வேண்டும் என்பது சாதாரண வழக்கறிவு. வரலாற்றுக்கும் அது பொருந்தும். அக்கடன் முன்னோரின் பாவத்துக்காக அழுது தீர்க்கும் கடனன்று. அவர்கள் அனுபவித்த கொடுமை இன்று யார்மீது நிகழ்கிறது என்று காணும் கடன்.

அக்கடனை உணர்ந்தோர் உளர். 1847 இல், தம் தாயகத்திலிருந்து விரட்டப்பட்டு, வழியிலே பல்லாயிரவரை இழந்து நெடுங்காலம் சென்றிராத சொக்டோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினர், அயர்லாந்தின் பசியைக் கேள்வியுற்று 170 டொலர் திரட்டி அனுப்பினர். அவர்களுக்கும் அயர்லாந்துக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. 2020 இல் கொள்ளைநோய் பரவியபோது, நவாஹோ, ஹோப்பி பழங்குடியினருக்காகத் திரட்டப்பட்ட நிதிக்கு ஐரிஷ் மக்கள் பலர் அந்தப் பழைய உதவியை நினைவுகூர்ந்து பணம் அனுப்பினர். கொடுத்த இனம் ஒன்று. கைம்மாறு பெற்ற இனங்கள் வேறு. கணக்கு இவ்வாறு நேராகாமற் போனதே இதன் சிறப்பு.

ஜேம்ஸ் கொனொலியின் வாழ்வையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவர் பிறந்தது 1868 இல், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரச் சேரியில், அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த ஏழைப் பெற்றோருக்கு. வேறெவரையும்போல அவரும் குடியேறியோரின் மகனே. முன்னோர் நாட்டுக்கு அவர் சென்றது வேர் தேடியன்று. 1896 இல் டப்ளினில் ஒரு சோஷலிசக் கட்சியைத் தொடங்கவே அழைப்பின்பேரிற் சென்றார். ஆங்கிலக் கொடியை இறக்கிப் பச்சைக் கொடியை ஏற்றுவதனால் மாத்திரம் உழைப்போருக்கு விடிவு வராது என்று அவர் வாதித்தார். 1910 இல் வெளியான அவருடைய நூல், அயர்லாந்தின் வரலாற்றை உழைப்போரின் வரலாறாக எழுதியது. 1916 எழுச்சியிற் காயமுற்ற அவரை நாற்காலியில் அமர்த்திச் சுட்டனர். மரபைக் கண்டெடுக்கும் பொருளாகக் கொள்ளாமல், செய்து முடிக்கவேண்டிய வேலையாகக் கொண்டவர் அவர்.

இன்றைய சட்டமும் இதே கேள்வியை நம்முன் வைக்கிறது. அயர்லாந்தில் பிறந்த பாட்டனோ பாட்டியோ ஒருவருக்கு இருப்பின், அந்நாட்டில் ஒருநாளும் வாழாமலே அவர் பதிவுசெய்து குடியுரிமை பெறலாம். ஆயின் 2004 ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பின் பின்னர், அந்த மண்ணிலேயே வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தானாகவே அவ்வுரிமை கிடைப்பதில்லை. பெற்றோர் எத்தனை காலம் அங்கு வாழ்ந்தனர் என்பதைப் பொறுத்தே அது தீர்மானிக்கப்படுகிறது. கப்பலேறிச் சென்றவனின் பேரனுக்குக் கதவு திறந்திருக்கிறது. இன்று கப்பலேறி வந்தவளின் பிள்ளை வாயிலில் நிற்கிறது. இவ்விருவருள் 1847 ஆம் ஆண்டின் அகதிக்கு நெருங்கிய உறவினர் யார்?

இக்கேள்வியைக் கேளாமல் நாடு திரும்பும் பேரன், தன் பாட்டனின் பெயரைக் கண்டிருப்பான், பாட்டனைக் கண்டிருக்கமாட்டான்.