யாரை வைத்து டெஸ்ட்?

‘சும்மா டெஸ்ட்டுக்குத்தான்’ என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். ‘சும்மா’வுக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாத சமாசாரமே தமிழில் கிடையாது.

விஸ்காம் படிக்கிற பசங்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று நிமிஷ மியூசிக் வீடியோவுக்கு அரை நாள் டெஸ்ட் ஷாட் எடுப்பார்கள். எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், பின்னால் எந்தச் சுவர். ஸ்லோமோஷனில் ஆள் பாட வேண்டுமென்றால் இன்னொரு வேடிக்கை. விநாடிக்கு 48 ஃபிரேம் எடுத்து 24-ல் ஓட்டுவதானால், ஷூட்டிங்கில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். அப்போதுதான் திரையில் உதடும் பாட்டும் ஒட்டும். இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான்.

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் போன வருஷம் அப்படி ஒரு குழு வந்து இறங்கியது. பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது ஒரு பையன். பார்ட் டைம் வேலைக்குப் போகிறவன். டெஸ்ட் அன்று அவனால் வர முடியவில்லை. பக்கத்தில் சும்மா இருந்த இன்னொரு பையனை நிற்க வைத்தார்கள். சிவந்த நிறம். பின்னால் வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டிச் சுவர். பிரமாதமாக வந்தது. ‘செம மச்சி!’ என்று எல்லா செட்டிங்கையும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

ஷூட்டிங் அன்று பாடகன் வந்தான். நல்ல கறுப்பு. அதே சுவர், அதே லைட், அதே செட்டிங். மானிட்டரில் சட்டை தெரிந்தது, பல் தெரிந்தது, முகம் தெரியவில்லை. முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் பின்னால் சுவர் கண்ணைக் கூசியது.

கேமரா பையன் சொன்னான்: ‘இவனுக்கு லைட் பத்தலடா.’

இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். லைட்டில் இருந்த குறை அரை நொடியில் ‘இவனுக்கு’ இடம் மாறிவிட்டது. அடுத்து யோசனைகள். ஃபவுண்டேஷன் அப்பலாம். இல்லாவிட்டால், ‘நீ வாய்ஸ் மட்டும் குடு மச்சி, அவன் வாயசைக்கட்டும்.’ பாடகன் சிரித்துக்கொண்டே ‘சரிடா’ என்றான்.

தெர்மகோல் பிடித்துக்கொண்டிருந்த பெண்தான் கேட்டாள்: ‘இது அவன் பாட்டுடா. அவனை வச்சு ஒரு டெஸ்ட்கூட எடுக்கலையே?’

வெள்ளைச் சுவரை விட்டு செங்கல் கட்டைச்சுவர்ப் பக்கம் நகர்த்தினார்கள். தெர்மகோலை முகத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோனார்கள். இருபது நிமிஷம். முகம் வந்தது. கறுப்பாகவே, அழகாக.

அந்தக் கூட்டத்தில் கெட்டவன் ஒருத்தனும் இல்லை. அநியாயம் நடக்க ஒரு வில்லன் வேண்டும் என்று நமக்கு சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. வாழ்க்கையில் அவன் இல்லாமலே நடந்துவிடுகிறது.

1950களிலிருந்து, கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் பெயர் ஷெர்லி. பிற்பாடு மாடல்கள் மாறியபோதும் ‘ஷெர்லி கார்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஷெர்லி முகம் சரியாக விழுந்தால் மிஷின் சரி. விளைவு? அமெரிக்கப் பள்ளிக்கூட குரூப் போட்டோக்களில் கறுப்பினக் குழந்தைகளின் முகம் இருட்டில் காணாமல்போனது. பழுப்பு நிறங்களை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்ற அக்கறை வந்ததற்கு, கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்ன காரணம்: சாக்லேட்காரர்களும் மர ஃபர்னிச்சர்காரர்களும் புகார் செய்தார்கள். வெள்ளை, கறுப்பு, ஆசிய முகங்கள் மூன்றும் சேர்ந்த கார்டு வந்தது 1990களில்!

அந்த இன்ஜினீயர்கள் யாரும் குழந்தைகள் மேல் விரோதத்தோடு ஆபீஸ் போயிருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருந்தவரை நிற்க வைத்தார்கள். அவ்வளவுதான்.

பி.காமில் டிரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்கு இது புரியும். பற்றும் வரவும் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு பரிவர்த்தனையை இரண்டு பக்கமும் எழுதாமலே விட்டிருந்தால், அப்போதும் அழகாக டேலி ஆகும். முழுக்க விட்டுப்போனதை டிரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காது. விட்டுப்போன மனிதரை டெஸ்ட்டும் காட்டிக்கொடுக்காது.

அப்படியானால் எண்ணம் நல்லதாக இருந்தால் போதாதா? கெட்டவன் என்ற பட்டத்திலிருந்து வேண்டுமானால் அது காப்பாற்றும். பார்க்காமல் விட்ட பொறுப்பிலிருந்து காப்பாற்றாது. டெஸ்ட் என்பது தப்பைத் திருத்த அதிகம் செலவாகாத நேரம். அப்போது விட்டுப்போனவரிடம்தான் பிறகு ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்கிறோம். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்பார். வேறு வழி வைக்காமல் வாங்கின சரிக்குச் சம்மதம் என்று பெயரில்லை.

‘எல்லாரையும் வைத்தா டெஸ்ட் எடுக்க முடியும் சார்?’ என்பீர்கள். முடியாதுதான். யாருக்காகச் செய்கிறோமோ அவரையாவது நிற்க வைக்கலாம். அது பெரிய கூட்டமாக இருந்தால், ரொம்பக் கஷ்டப்படப்போகிறவரிலிருந்து ஆரம்பிக்கலாம். பஸ் படிக்கட்டின் உயரத்தை, முழங்கால் வலிக்கிற பாட்டியை ஏற்றிப் பார்த்து முடிவு செய்தால் பேரனும் ஏறிவிடுவான். பேரனை மட்டும் ஏற்றிப் பார்த்தால், பாட்டி கீழேயே நிற்பார். கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார்.