பிள்ளையின் கோபம் யாருடைய வினை?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாள்வெட்டு நடந்தால் மறுநாளே இரண்டு தீர்ப்புகள் காதில் விழும். இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்பது ஒன்று. எல்லாம் போர் செய்த வேலை என்பது மற்றது. முன்னது முழுப் பழியையும் பிள்ளையின் தலையில் சுமத்துகிறது. பின்னது அவனை முற்றாக விடுவித்துவிடுகிறது. வாளைத் தூக்கும் இளைஞன் நேற்றுவரை வகுப்பறையில் இருந்தவன். அவனுடைய மூர்க்கத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் சைவ மரபு இவ்விரண்டையும்விட ஆழமான விடை வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய சித்தாந்தத்தின்படி, உயிர் எதைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே விளங்கும். உயிரைப் பிணிக்கும் மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வழி, சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வழி. அந்த மலங்களில் ஒன்றான ஆணவம் எல்லா உயிருக்கும் பொது. ஆகவே, பிள்ளையிடம் சினம் ஏன் இருக்கிறது என்று கேட்பதைவிட, அந்தச் சினம் சார்ந்து வளர நாம் எதைக் கொடுத்தோம் என்று கேட்பதே முறை.

இன்று பதினாறு வயதிலிருக்கும் மாணவன் 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் பிறந்தவன். 1987 ஒக்ரோபரில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது இந்திய இராணுவத்தின் எறிகணைகள் விழுந்ததை அவன் காணவில்லை. அப்படியிருக்க, போர் அவனை எப்படித் தொட்டிருக்கும்? உளவியலாளர் கிளோடியா கட்டானியும் குழுவினரும் இலங்கையின் வடகிழக்கில் 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. அவர்களில் 95.6 வீதமானோர் குடும்ப வன்முறையின் ஏதோவொரு வடிவத்தை அனுபவித்திருந்தார்கள். போரின் பாதிப்பும் தந்தையின் குடியும் கூடிய இடத்தில் பிள்ளை படும் அடியும் கூடியிருந்தது. போர் ஓய்ந்தாலும் அது பெற்றோரின் கைகளில் தங்கிவிடக் கூடும். அந்தக் கைகளைச் சார்ந்தே அடுத்த தலைமுறை வளர்கிறது.

இதே அடிகளைத் தாங்கிய எத்தனையோ பிள்ளைகள் நல்லவர்களாக வளரவில்லையா என்று கேட்கலாம். வளர்ந்தார்கள். சார்பு உயிரை வளைக்கும். ஆனால் அறிவு, இச்சை, செயல் என்னும் ஆற்றல்களை அழித்துவிடாது. அதனால்தான் வெட்டியவன் தன் செயலுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். வெட்டுண்டவனின் நோவுக்கு முன் வெட்டியவனின் இளமைத் துயரம் மன்னிப்பாகாது. ஆயினும் அவனுடைய பொறுப்பு நம்முடையதைக் குறைப்பதில்லை. 'அவரவர் கன்மம்' என்று ஒதுங்குவோருக்கும் இதுவே மறுமொழி: பிள்ளையை அடிப்பதும், அடிபடும்போது பாராமல் போவதும் நமக்கும் கன்மமாகச் சேரும்.

பிரம்பை எடுத்துவிட்டதால்தான் ஒழுக்கம் கெட்டது என்போர் நம்மிடையே பலர். பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2016இல் வந்தது. பிரம்பு தாராளமாகப் பேசிய காலத்திலும் வன்முறை இருந்தது. சில ஆசிரியர்களின் பிரம்புக்குப் பின்னால் உண்மையான அக்கறை இருந்ததை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அடியிலிருந்து பிள்ளை உடனே கற்பது, வலியவன் எளியவனைத் தொடலாம் என்பதையே. அதே பாடத்தைத்தான் தெருக்குழுவும் அவனுக்குச் சொல்கிறது. கூடவே, வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்காத மதிப்பையும் தோழமையையும் தருவதாக ஆசை காட்டுகிறது.

ஆகவே கண்டிப்பு வேண்டும், அடி வேண்டாம். செய்த தீங்கைப் பிள்ளை தன் வாயால் ஒப்புக்கொள்ளவும், பாதிக்கப்பட்டவனுக்கு ஈடுசெய்யவும் வைக்கும் கண்டிப்பு அடியைவிடக் கடினமானது. அதற்கு ஆசிரியரின் நேரமும் பெற்றோரின் பொறுமையும் தேவை. 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர், சமயமும் ஒழுக்கமும் கல்வியோடு சேர்ந்தே பிள்ளைக்குக் கிட்டவேண்டும் என்று கருதினார். அந்த வழியில் வந்த நாம் திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குகிறோம். ஆனால் அவன் முன்னேயே வெகுள்கிறோம். அவன் சார்ந்து வளரத்தக்க மனிதர்களாக நாம் மாறுவதே இந்த ஊரின் முதல் சமயக் கடமை.