நாணய மாற்று: எது வியாபாரம், எது சூதாட்டம்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் பகுதி இளைஞர்கள் ஜும்ஆ முடிந்ததும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், உம்ராவுக்குப் போகிறவர் ரியால் வாங்குகிறார். துபாயில் இருக்கும் அண்ணன் ரேட் ஏறட்டும் என்று காத்திருந்து பணம் அனுப்புகிறார். அதெல்லாம் கூடும் என்றால், போனில் டாலரும் யூரோவும் வாங்கி விற்பது மட்டும் ஏன் கூடாது?"

இது நியாயமான கேள்வி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு லோக்கல் ரயிலில் திரும்பும் பிள்ளைகளின் போனில் இன்று ஃபாரெக்ஸ் விளம்பரங்கள்தான் வந்து விழுகின்றன. வெறுமனே "ஹராம்" என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் அவர்கள் மனம் அமைதி அடையாது. காரணத்தையும் சொல்ல வேண்டும்.

நாணயம் மாற்றுவது குற்றமில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நாட்டு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டு நாணயத்தை வாங்குவது ஷரீஅத்தில் ஆகுமானது. ஃபிக்ஹு நூல்களில் இதற்கு "ஸர்ஃப்" என்று தனிப் பாடமே இருக்கிறது. பராஉ இப்னு ஆஸிப், ஸைத் இப்னு அர்கம் (ரலி) இருவரும் நபிகளார் காலத்தில் வியாபாரிகளாக இருந்தவர்கள். ஸர்ஃப் பற்றி அவர்கள் கேட்டபோது, கைக்குக் கை என்றால் தவறில்லை, தவணை என்றால் கூடாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

தங்கத்துக்குத் தங்கம் என்றால் அளவும் சமமாக இருக்க வேண்டும், உடனடியாகவும் கைமாற வேண்டும். தங்கத்துக்கு வெள்ளி என்று இனம் மாறினால் விலையை விருப்பப்படி பேசிக்கொள்ளலாம். ஆனால் கைக்குக் கை என்ற நிபந்தனை மாறாது. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் முஸ்லிம் ஹதீஸின் சாரம் இது. இன்றைய காகித நாணயத்துக்கும் தங்கம், வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்று 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கையில் பெற்றதற்குச் சமம் என்று 1990-ல் ஜித்தாவில் முடிவு செய்தது.

ஆகவே, உம்ராவுக்கு ரியால் வாங்குபவர், வெளிநாட்டில் படிக்கும் மகனுக்கு வங்கி வழியாக ஃபீஸ் கட்டும் தந்தை, வளைகுடாவிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்பும் சகோதரர் ஆகியோரின் நாணய மாற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (ஃபீஸுக்காக வட்டிக் கடன் வாங்குவது வேறு மஸ்அலா.) நல்ல ரேட்டுக்குக் காத்திருப்பதும் குற்றமில்லை. பணம் அவருடையது, தேவை உண்மையானது, மாற்றியதும் கைக்கு வந்துவிடுகிறது.

உமர் (ரலி) ஏன் குறுக்கிட்டார்கள்?

"கைக்குக் கை" என்பதில் ஸஹாபாக்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் தெரியுமா? மாலிக் இப்னு அவ்ஸ் என்பவர் நூறு தீனாரை மாற்ற வந்தார். தல்ஹா (ரலி) அவர்கள் தங்கத்தை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, ஃகாபாவிலிருந்து என் கணக்காளர் வரட்டும், வெள்ளி தருகிறேன் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) உடனே குறுக்கிட்டு, வாங்காமல் அவரை விட்டுப் பிரியக் கூடாது என்று மாலிக்கிடம் சொன்னார்கள்.

தல்ஹா (ரலி) யார்? சொர்க்கத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஏமாற்றுவார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃகாபாவும் மதீனாவுக்கு அருகில் உள்ள இடம்தான். அந்தச் சிறு இடைவெளியைக்கூட உமர் (ரலி) அனுமதிக்கவில்லை. ஏனென்றால் கொடுத்த பணத்துக்கும் வாங்கும் பணத்துக்கும் நடுவே காலம் நுழைந்தால், அங்கே வட்டிக்கு வாசல் திறந்துவிடும்.

போனில் நடப்பது என்ன?

இனி ஃபாரெக்ஸ் ஆப்பைப் பார்ப்போம். உங்களிடம் இருப்பது 10,000 ரூபாய். புரோக்கர் நூறு மடங்கு "லெவரேஜ்" தருகிறார். பத்து லட்சத்துக்கு யூரோ வாங்கியதாகத் திரையில் காட்டுகிறது. விலை ஒரு சதவீதம் ஏறினால் 10,000 லாபம். ஒரு சதவீதம் இறங்கினால் உங்கள் 10,000 மொத்தமும் போய்விடும். அதற்கும் முன்பே புரோக்கரின் கணினி உங்கள் கணக்கை மூடிவிடும்.

இதில் யூரோ உங்கள் கைக்கு வந்ததா? இல்லை. பெரும்பாலான ஆப்களில் உங்கள் பெயரில் எந்த வங்கியிலும் யூரோ வரவாவதில்லை. விலை ஏறுமா இறங்குமா என்பதன் மீது வைத்த பந்தயம்தான் இருக்கிறது. பல நேரம் எதிர்ப்பக்கம் நிற்பவரே அந்தப் புரோக்கர்தான்; நீங்கள் தோற்றால் அவருக்கு லாபம்.

அடுத்து, அந்த நூறு மடங்கு என்ன? கடன். என்னிடமே வியாபாரம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த கடன். கடனையும் விற்பனையையும் பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இரவு தாண்டினால் "ஸ்வாப்" என்ற பெயரில் வட்டிக் கணக்கும் வருகிறது. அதை நீக்கிவிட்டு "இஸ்லாமிக் அக்கவுண்ட்" என்று பெயர் வைக்கிறார்கள். ஸ்வாப் போனாலும் நிபந்தனைக் கடனும், கைக்கு வராத நாணயமும், பந்தயமும் அப்படியே இருக்கின்றனவே!

2006-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை இந்த மார்ஜின் வியாபாரம் கூடாது என்று தீர்மானித்தது. தனிநபர்கள் ஆன்லைனில் செய்யும் ஃபாரெக்ஸ் ஹராம் என்று மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 2012-ல் அறிவித்தது.

"எல்லா வியாபாரத்திலும் ரிஸ்க் இருக்கிறதே?"

உண்மைதான். ஆவடி மார்க்கெட்டில் தக்காளி வாங்கி விற்பவருக்கும் ரிஸ்க் உண்டு. மழை பெய்தால் அழுகும். ஆனால் அவர் தக்காளியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார். வாங்குபவரின் அடுப்பு எரிகிறது. அவருடைய லாபத்தால் இன்னொருவருக்குப் பலன் கிடைக்கிறது. பொறுப்பைச் சுமப்பவருக்கே லாபம் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. ஆப்பில் பந்தயம் கட்டுபவர் எந்தப் பொருளின் பொறுப்பையும் சுமப்பதில்லை, யாருடைய தேவையையும் நிறைவேற்றுவதில்லை. அவர் வெல்லும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் தோற்ற ரூபாய். குர்ஆன் 5:90, 91 வசனங்கள் தடுக்கும் சூதாட்டத்தின் இலக்கணம் இதுவே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பணத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார்கள். கண்ணாடிக்குச் சொந்த நிறம் கிடையாது. எல்லா நிறத்தையும் காட்டும். பணமும் அப்படித்தான். பொருள்களுக்கு இடையே நீதிபதியாக நிற்க அல்லாஹ் அதைப் படைத்திருக்கிறான். நீதிபதியையே பந்தயப் பொருளாக்கினால் நீதி எங்கே போய் நிற்கும்?

கணக்கும் இதையே சொல்கிறது. இதே வகைப் பந்தயக் கணக்குகளை ஐரோப்பியப் பத்திரச் சந்தை ஆணையம் 2018-ல் ஆராய்ந்தபோது, சாதாரண மக்களின் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில்தான் இருந்தன.

நாட்டின் சட்டமும் "ஹலால்" லேபிளும்

1999-ஆம் ஆண்டின் ஃபெமா சட்டப்படி, நம் நாட்டில் அனுமதி பெற்ற நபர்களிடமும் அங்கீகரிக்கப்பட்ட தளங்களிலும் மட்டுமே அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யலாம். அனுமதியற்ற 34 தளங்கள், நிறுவனங்களின் பெயர்களை 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிட்டது. அந்தப் பட்டியல் பிறகும் நீண்டுகொண்டே போனது. பணம் போனபின் புகார் கொடுக்கச் சென்றால், சட்டத்தை மீறியவர் என்று நீங்களே பதில் சொல்ல வேண்டி வரலாம்.

"ஹலால் முதலீடு" என்று சொல்லி வசூலித்த பெங்களூரு ஐ.எம்.ஏ. 2019 ஜூனில் சரிந்தபோது, ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றன. நம் சென்னையில் ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் போலீஸ் தெரிவித்தது. லேபிளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அக்ரிமெண்டைப் படியுங்கள், புரியாவிட்டால் ஆலிம்களிடம் காட்டுங்கள்.

இப்போது என்ன செய்வது?

ஏற்கெனவே இதில் இறங்கியவர்கள் இன்றே நிறுத்திவிட்டு, மீதி இருப்பதை வெளியே எடுங்கள். நீங்கள் போட்ட அசல் உங்களுடையது. அதற்கு மேல் வந்ததை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளிடம் சேர்த்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று லோன் ஆப்பில் கடன் வாங்காதீர்கள். கமிஷனுக்காக இன்னொருவரைச் சேர்த்துவிடாதீர்கள். அவர் இழப்பதில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும்.

பெற்றோர்களே! பிள்ளை நஷ்டத்தை மறைக்கிறான் என்று தெரிந்தால் திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்காருங்கள். பிறர் செல்வத்தைத் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்று தடுக்கும் 4:29 வசனம், உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறது. இந்த இரண்டையும் அல்லாஹ் ஒரே வசனத்தில் வைத்த ஹிக்மத்தை, கடனில் மூழ்கிய வீடுகளைப் பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். கடன் அடைக்கப்படலாம், போன உயிர் திரும்பாது. மனம் உடைந்தவர் யாராக இருந்தாலும், தனியாக இருக்காமல் வீட்டாரிடமோ பள்ளிவாசலிலோ வந்து பேசட்டும். வட்டியில்லாக் கடன் கொடுத்து அவரைத் தூக்கிவிடுவது ஜமாஅத்தாகிய நம் எல்லோருக்கும் பொறுப்பு.

அன்பு இளைஞர்களே! ரிஸ்க்கை எழுதியவன் அல்லாஹ். மாதச் சம்பளம் குறைவாக இருக்கலாம், பரகத் குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்து ஸ்கிரீனில் கோட்டைப் பார்க்கும் கண்கள், அதே நேரத்தில் தஹஜ்ஜுதில் ரிஸ்க்கைக் கேட்டு அழட்டும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான, விசாலமான ரிஸ்க்கைத் தந்து, ஹராமின் பக்கம் தேவையாகாமல் காத்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.