சுவரில் எஞ்சிய ஆணி

கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரக் கிராமமொன்றிலே, பல நாள்களாகப் பாடசாலைக்கு வராதிருந்த மாணவியொருத்தியைத் தேடி அவளது இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுச் சுவரிலே முன்பு ஒரு கூத்து முடி தொங்கிக்கொண்டிருந்தது. மென்மரத்திற் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வர்ணத் தாளும் ஒட்டி, மாணவியின் பாட்டனார் தம் கையாற் செய்தது அது. மூவிராசாக்கள் கதை கூத்தாடப்பட்ட இரவுகளிலே, பகலெல்லாம் கரைவலை இழுத்த ஒரு மீனவர் அதைச் சூடி அரசராய் நின்றார். இம்முறை சென்றபோது சுவரில் ஆணி மட்டுமே இருந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் 6,000 ரூபா கொடுத்து முடியை வாங்கிச் சென்றுவிட்டார்.

"முன்னோர் கலையைக் காசுக்கு விற்கலாமா?" என்று மாணவியின் பாட்டியைக் கேட்டோம். அவர் சினக்கவில்லை.

"முப்பது வருஷமா அது இந்தச் சுவரிலதான் தொங்கிச்சு, சேர். நீங்களும் ரெண்டுதரம் வந்திருக்கிறீங்க. இது என்ன, ஆர் செஞ்சது எண்டு கேட்டீங்களா? அந்தக் காசிலதான் பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகமும் வாங்கினன். திங்கக்கிழமை வருவாள்."

விடை கூற நாம் நாணினோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விடவில்லை. விற்றவர் குற்றவாளியா? வாங்கியவரா? கண்டும் காணாதிருந்தவரா?

பழம்பொருளின் விலை எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அமெரிக்காவிலே ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு ஹலோவீன் விழா கொண்டாடப்படுகிறது. 1920களில் அவ்விழாவிற்கென அட்டையாலும் காகிதக் கூழாலும் பேயுருவங்கள், கரும்பூனைகள், பூசணி முக விளக்குகள் செய்யப்பட்டன. அவற்றிற் பல ஜெர்மனியத் தொழிலாளரின் கைவேலை. சில்லறைக் காசுக்கு வாங்கி, ஓரிரவு தொங்கவிட்டு, மறுநாட் குப்பையில் எறியப்பட்டவை அவை. எறியப்படாது தப்பிய சிலவற்றைச் சேகரிப்போர் இன்று நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்குகின்றனர். செய்த கைக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. பெருவிலை பிறந்ததோ அக்கைகள் ஓய்ந்த பின்னர். இவ்விலை உழைப்பின் அளவன்று, அழிவின் அளவு. எத்தனை அழிந்தனவோ, அத்தனைக்கு எஞ்சியதன் விலை உயர்கிறது. நம் கிராமத்து முடியும் அவ்வாறே. ஊரிலே கூத்து நடந்த காலத்தில் அதற்கு விலையே இல்லை; பழுதானால் வேறொன்று செய்வார்கள். கூத்து நின்றதும் அது "அரும்பொருள்" ஆயிற்று. அரும்பொருள் என்னும் பெயரைக் கேட்டு மகிழுமுன், அதை அரிதாக்கியது எது என்று கேட்பதே அறிவுடைமை.

அப்படியாயின் விற்பதே தீதோ? அன்று. அம்பலாங்கொடையை நோக்குவோம். அங்கு மென்மரத்திற் செதுக்கப்படும் சன்னி முகமூடிகள் பதினெட்டு நோய்ப் பேய்களின் உருவங்கள். நோயாளியைக் குணப்படுத்தும் சடங்கிரவில் ஆடுவோர் அணிபவை. பழைய முகமூடிகள் பல ஐரோப்பிய நூதனசாலைகளைச் சென்றடைந்துவிட்டன. எனினும் அம்பலாங்கொடைச் சிற்பியின் உளி ஓயவில்லை. 1987இல் அங்கே முகமூடிக் காட்சிச்சாலையொன்றும் திறக்கப்பட்டது. சிற்பிகள் இன்றும் உல்லாசப் பயணிகளுக்கு முகமூடி விற்று வாழ்கின்றனர். சடங்கு நீங்கி வியாபாரமாயிற்றே என்று வருந்துவோர் உளர்; அவ்வருத்தத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் இன்று விற்றதை நாளை மீண்டும் செய்யவல்ல கை அங்கு இருக்கிறது. மீளச் செய்யக்கூடியதை விற்பது தொழில். மீளச் செய்ய ஒருவரும் இல்லாததை விற்க நேர்வது இழப்பு. நம் கரையில் நிகழ்ந்தது இரண்டாவது.

நாட்டின் சட்டமும் இத்தகைய பொருள்களை எண்ணிப் பார்க்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளென வகுத்தது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான நாள். அரசர் முடியிழந்த நாளைக் கொண்டு பழைமையை அளந்தவர்களுக்கு, மீனவர் ஓரிரவு சூடிய முடி கண்ணிற்படாததில் வியப்பென்ன?

சேகரிப்போர் அனைவரையும் பழித்தல் தகாது. செல்லரித்து மண்ணாகவிருந்த பலவற்றை அவர்கள் காத்துள்ளனர். ஆனால், சந்தை விலையைத் தான் அறிந்தும் விற்பவருக்கு மறைக்கும் வியாபாரி, வறியவரின் அறியாமையையும் பொருளோடு சேர்த்தே வாங்குகிறார். செய்தவர் பெயரைக் கேளாது வாங்குபவர், உழைப்பாளியை இரண்டாம் முறையும் மறைக்கிறார்.

ஆசிரியராகிய நமது பங்கு யாது? காவியத்திலே வரும் மணிமுடிகளைப் பதவுரையோடு கற்பித்தோம். மாணவியின் வீட்டுச் சுவரிலிருந்த முடியைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பினோமில்லை. பிள்ளையின் சப்பாத்துக்காக முடியை விற்ற மூதாட்டியைக் குற்றங்கூறும் தகுதி நமக்கில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். எந்த மரம், எந்தப் பசை, எவ்வளவு நாள் வேலை என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வருமாறு சொன்னோம். மூன்று பக்கம் எழுதி வந்தாள். முதல் வரியிலே பாட்டனாரின் பெயர் இருந்தது. முடி திரும்பப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று பக்கத்தைக் கொண்டு இன்னொரு முடி செய்யலாம். அதற்கான மரத்தைத் தேடுவதே இத்தவணையில் நமது வகுப்பின் வேலை.