வழிவிடும் கடமை

ஒரே பாதையில் எதிரெதிரே வரும் இருவருள் விலகி நிற்க வேண்டியவர் யார் என்னும் வினா, போக்குவரத்துப் பொறியியல் என்றொரு துறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தியச் சமய மரபுகள் எடுத்து ஆராய்ந்த அறவினாவாகும். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில் அவ்வினா இன்று புதிய வடிவில் எழுந்து நிற்கிறது. ஜி.எஸ்.டி. சாலை, பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய மூன்றும் சென்னையின் பெருக்கத்தைத் தெற்கே கொண்டுவர, ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்கள் மனைப்பிரிவுகளாகவும் தொழிற்பூங்காக்களாகவும் மாறின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கும் சென்னை எல்லைச் சாலை, ஏறக்குறைய 133 கிலோமீட்டர் கடந்து மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் முடியுமாறு திட்டமிடப்பட்டுள்ளது.

இத்தகைய திட்டங்களுக்கு அடிப்படையாக அமைவது பயணியர் கார் அலகு என்னும் அளவை. சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் எத்தனை கார்களுக்கு இணையான இடையூறு தருகிறது என்று கணித்து, எல்லாவற்றையும் கார்களின் எண்ணிக்கையாக மாற்றிக் கூட்டுவதே இம்முறை. ஊர்ப்புறச் சாலைகளுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நெறிமுறையில் மிதிவண்டிக்கு அரை அலகும் பேருந்துக்கு மூன்று அலகும் பெரிய மாட்டுவண்டிக்கு எட்டு அலகும் தரப்பட்டன. மாட்டுவண்டிக்குக் கிடைத்த இந்த உயர்ந்த எண் அதன் மதிப்பைக் குறிப்பதன்று. பிறர் வேகத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதையே குறிக்கிறது. சாலையின் கொள்ளளவைக் கணக்கிட இவ்வளவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மெல்லச் செல்பவரை அவர் தரும் இடையூற்றால் மட்டுமே அளக்கும் கணக்கு, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் சொல்லாமலே தீர்மானித்துவிடுகிறது.

பழைய நூல்கள் அத்தீர்மானத்தை வெளிப்படையாகவே செய்தன. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் வழிவிடப்பட வேண்டியோரைப் பட்டியலிடுகிறது: வண்டியில் செல்பவர், தொண்ணூறு வயதைக் கடந்தவர், நோயாளி, சுமை தூக்குபவர், பெண், கல்வி முடித்துக் குருகுலத்திலிருந்து திரும்பும் ஸ்நாதகர், அரசர், மணமகன். வண்டிக்காரர் முதலில் நிற்பது இன்றைய ஓட்டுநர்களுக்கு மகிழ்ச்சி தரலாம்; எளிதில் திருப்ப முடியாதது வண்டி என்பதே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். இப்பட்டியலில் இருவேறு நியாயங்கள் கலந்து கிடக்கின்றன. முதியவருக்கும் நோயாளிக்கும் சுமை தூக்குபவருக்கும் வழி தருவது அவர்தம் இயலாமை கருதி; அரசருக்கும் ஸ்நாதகருக்கும் தருவது அவர்தம் தகுதி கருதி. எல்லோரும் ஒரே இடத்தில் கூடினால் ஸ்நாதகரும் அரசருமே முதன்மை பெறுவர் என்றும், அவ்விருவருள் அரசரே ஸ்நாதகருக்கு விலக வேண்டும் என்றும் அடுத்த சுலோகம் முடிவு கூறுவதால், இயலாமை என்னும் நியாயம் அங்கேயே தோற்றுப்போகிறது.

தகுதியை அளவுகோலாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு மகாபாரதத்தின் ஆதிபர்வம் ஒரு கதை வைத்திருக்கிறது. கல்மாஷபாதன் என்னும் அரசனும் வசிஷ்டரின் மகன் சக்தியும் ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய காட்டுப் பாதையில் எதிர்ப்படுகின்றனர். இருவருமே வழி தமக்குரியது என்று வாதிடுகின்றனர். அரசன் சாட்டையால் அடிக்க, முனிவர் அவனை மனிதரைத் தின்னும் அரக்கனாகுமாறு சபிக்க, அவ்வரக்கன் முதலில் தின்றது சபித்தவரையே. பௌத்த ஜாதகக் கதைகளுள் ஒன்றான ராஜோவாத ஜாதகத்திலும் இரு அரசரின் தேர்கள் ஒடுங்கிய பாதையில் எதிர்ப்படுகின்றன. வயது, நாட்டின் பரப்பு, படைபலம், குலம் அனைத்திலும் இருவரும் சமமாயிருக்க, தீயவரையும் நன்மையால் வெல்பவர் எவரோ அவருக்கே வழி என்று முடிவாகிறது. அறிவுக்கு இனிய முடிவுதான். ஆனால் தேரோட்டிகள் ஒழுக்கத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பாதையில் சுமையோடு நடந்துவரும் மூன்றாமவரைப் பற்றி அக்கதையும் பேசவில்லை.

அந்த மூன்றாமவர் வாய்திறக்கும் இடம் காசியில் வருகிறது. கங்கைக்குச் செல்லும் வழியில் எதிர்ப்பட்ட சண்டாளரை விலகச் சொன்ன ஆதி சங்கரரிடம், விலக வேண்டியது உணவாலான உடலா, எங்கும் நிறைந்த அறிவுப்பொருளா என்று அவர் கேட்டதாகவும், அதற்கு விடையாகவே மனீஷா பஞ்சகம் என்னும் அவரது பாடல் பிறந்ததாகவும் மரபு சொல்கிறது. தத்துவத்தில் அக்கேள்வி அன்றே வென்றது, தெருவில் வெல்லவில்லை. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளத்தில் பிறந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவர வேண்டியிருந்தது. அத்தீர்மானம் ஏற்கப்பட்டபோது, தகுதி பார்த்து வழிவிடும் முறை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. அதன்பின் எஞ்சியிருக்க வேண்டியது இயலாமை என்னும் நியாயம் ஒன்றே. அந்த இடத்தைத்தான் வேகம் கைப்பற்றிக்கொண்டது.

வேகம் பணிந்து நிற்கும் தருணங்களும் இம்மாவட்டத்தில் உண்டு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலை திருக்கழுக்குன்றத்தின் ஊடே செல்கிறது. அங்கே சித்திரைத் திருவிழாவில் தேர் வரும்போதும், குரு கன்னி ராசியில் புகும்போது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தீர்த்தத்தில் மக்கள் நீராடும்போதும் வாகனங்களே காத்திருக்கின்றன. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் பல ஊர்களிலிருந்து வந்து கூடி, தங்கள் கன்னியம்மனை வழிபடும் இருளர்களும் அவ்வாறே ஒருநாள் அந்த வழியைத் தமதாக்குகின்றனர். இவற்றை நெரிசல் என்று சொல்பவர், தேர் வேண்டுமென்றே மெல்லச் செல்லும் ஊர்தி என்பதை மறந்துவிடுகின்றனர். கோயிலுக்குள் வர முடியாதவருக்கும் காட்சி தருவதற்காகத் தெய்வம் தெருவுக்கு வருகிறது என்றால், அதன் பயணத்துக்கு விரைவு என்பது ஒரு குறையே.

தெய்வமே வழியில் நிற்கும்போது என்ன செய்வது என்பது இன்னும் கடினமான வினா. பொதுத் தெருக்களில் புதிதாக வழிபாட்டிடம் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சாலை விரிவாக்கத்தில் சிக்கும் பழைய கோயில்களோ வேறு வகை. கோயிலை அகற்றுவது தெய்வ நிந்தனை என்ற வாதத்தை ஆகமங்கள் அவ்வளவாக ஆதரிப்பதில்லை: திருப்பணிக் காலத்தில் மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கு ஈர்க்கும் கலாகர்ஷணமும், அதைத் தற்காலிகச் சன்னிதியில் நிறுத்தும் பாலாலயமும் தெய்வம் இடம் மாறும் என்பதை ஏற்றுக்கொண்ட சடங்குகளே. ஆனால் ஊர் எல்லையில் நிற்கும் அம்மனும் ஐயனாரும் அந்த இடத்தைக் காப்பதற்காகவே அங்கு நிற்பவர்கள். ஊர் வளர்ந்து எல்லை நகர்ந்தால் அவர்களும் நகரலாம் என்று வாதிட இடமுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே பொங்கல் வைக்கும் மக்களேயன்றிச் சாலைத் துறையன்று.

உண்மையான ஊறு நேர்வது சிலை நகர்த்தப்படும்போதன்று, வணங்குபவர் துண்டிக்கப்படும்போது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிழக்கே மீனவர் குப்பங்களும் மேற்கே வயல்களும் ஊர்களும் இருக்க, சாலை அகலமாகி நடுவே தடுப்புச் சுவர் எழும்போது, முன்பு பத்து அடியில் கடந்த வழிக்கு நெடுந்தூரம் சுற்ற வேண்டியதாகிறது. நிலம் இழந்தவருக்கு 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு உண்டு. நிலமே இழக்காமல் வழியை மட்டும் இழந்தவருக்கு அதில் இடமில்லை. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்படும்போது, திட்டத்தால் மக்கள் வாழ்வில் நேரும் விளைவுகளை முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயமில்லை. ஆகவே தேர் எங்கே கடக்கும், சவ ஊர்வலம் எவ்வழியே சுடுகாடு சேரும், கூடை சுமக்கும் மீனவப் பெண்கள் எங்கே காத்திருப்பார்கள் என்ற கேள்விகள், வரைபடம் முடிந்து ஒப்பந்தப்புள்ளி கோரிய பின்னர், மறியலின் வழியாகவே அலுவலகத்தை எட்டுகின்றன.