குருதி படியாத தலை

சுவரிலே ஒரு மான்தலை. தொட்டுப் பார்த்தால் துணி! வெட்டிய துணித் துண்டுகளைத் தைத்து, உள்ளே பஞ்சடைத்து, கொம்பிலே கம்பி செலுத்தி, மரப்பலகையிற் பொருத்திய கைவேலை. இதன்பொருட்டு உயிரொன்றும் வதைபடவில்லை. எனினும் ஒரு வினா எழுகின்றது: கொலையை நீக்கிவிட்டால், கொலையின் சின்னம் குற்றமற்றதாகிவிடுமா?

விலங்கின் தலையைச் சுவரில் மாட்டும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆதிக்கத்தின் அறிவிப்பாக விளங்கிற்று. மைசூரிலே வான் இங்கன் நிறுவனத்தார் பாடம் செய்த புலித்தலைகள் பிற்காலத்தில் மன்னரதும் வெள்ளையரதும் மாளிகைகளை அலங்கரித்தன. அந்நிறுவனம் 1999இலேதான் மூடப்பட்டது. நம் நாட்டிலே, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றோஜர்ஸ், 1,400 யானைகளுக்கு மேற் சுட்டவர் என்பர். காடுகள் கோப்பித் தோட்டங்களாகிய காலம் அது. யானையைக் கொன்றோருக்கு அரசாங்கமே வெகுமதி அளித்தது. சுவரில் ஏறிய தலையின் கீழே சுட்டவனின் பெயர் பொறிக்கப்பட்டது. தடங்கண்டு காட்டியவனுக்கும் சுமை தூக்கியவனுக்கும் அங்கே இடமில்லை.

விலங்குருவம் சமைப்பது நமக்குப் புதிதன்று. ஐயனாருக்கு மண்குதிரை செய்தளிக்கும் மரபு தமிழரிடையே உண்டு. ஆனால் அக்குதிரை தன் கால்களிலே நிற்கின்றது. சுவரிலுள்ள தலையோ அறுபட்ட தலை. பொருள் துணியானாலும் வடிவம் வேட்டைக்காரன் தந்ததே.

பூப்போட்ட சீத்தைத் துணியில் அமைந்த மான், வேட்டைக்காரனின் செருக்கை நகைப்புக்கிடமாக்குகின்றதே என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. நகைப்பும் ஓர் ஆயுதமே. ஆனால் எள்ளப்படுவது யாதென்று அறிந்தவனுக்கே எள்ளல் விளங்கும். வரலாற்றை அறியாத மாணவனுக்கு அது வெறும் அழகுப் பொருள். ஆகவே வரலாற்றைக் கற்பிக்கும் கடமை நம்மைச் சார்ந்தது.

இன்னொன்றும் உண்டு. பழைய தலை ‘நான் கொன்றேன்’ என்றது. துணித்தலை ‘நான் ஆக்கினேன்’ என்கின்றது. அழிவின் இடத்தை உழைப்புப் பெறுவது மனித முன்னேற்றமே. ஆயின் அந்த ‘நான்’ யார்? ஊசி பிடித்த கைக்கு உரிய கூலி கிடைத்ததா? பெயர் கிடைத்ததா? ‘கைவினை’ என்ற சொல்லே விலையை உயர்த்தி, கையை மறைத்துவிடுமாயின், தடங்காட்டியவனுக்கு இழைத்த அநீதி தையற்காரிக்கும் இழைக்கப்படுகின்றது.

குருதி படியாதது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தூய்மை பெறாது. அதன் பின்னே நிற்கும் மனிதரும் வஞ்சிக்கப்படாதிருத்தல் வேண்டும். சுவரை அழகுசெய்ய விரும்புவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.